மூத்தோரின் இதயத்துக்கு யோகா: நடைக்கு இட்டுச் செல்லும் முதல் படி

மலேசியாவில் உயிரைப் பறிக்கும் நோய்களில் இதய நோய் முன்னணியில் உள்ளது. உடலியக்கம் குறைவதும் அதற்கு ஒரு காரணம். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய், மரத்துக்கு மரம் நடந்த தலைமுறைக்குத் தனியாக உடற்பயிற்சி தேவைப்படவில்லை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பலருக்கு அந்த நடை நின்றுபோனது.

65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகள் வாரத்தில் 3 நாளாவது தேவை என்றும் அது கூறுகிறது. ஆனால் முட்டி வலியாலும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தாலும் பலர் தொடங்குவதே இல்லை. இந்த இடத்தில்தான் யோகா கைகொடுக்கிறது.

தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம். ஆடாத, சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுவது, கைகளை உயர்த்துவது, தோளையும் கணுக்காலையும் சுழற்றுவது, ஒவ்வொரு காலாக நீட்டுவது என 10 நிமிடம் போதும். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று, குதிகாலை உயர்த்தி இறக்கலாம். கால் உறுதிப்பட்டால் பயம் குறையும்.

மென்மையான யோகா மட்டும் இதயத்துக்குப் போதாது. அது நாடித்துடிப்பைப் பெரிதாக உயர்த்துவதில்லை. எனவே பயிற்சி முடிந்ததும் 5 நிமிடம் நடக்க வேண்டும். அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவை எட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

கோயில் மண்டபத்திலோ பாலாய் ராயாவிலோ கூடிச் செய்தால் பழக்கம் நிலைக்கும். ஒரு நாள் வராவிட்டால் "ஏன்க்கா வரல?" என்று கேட்க ஆளிருக்கும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கக்கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நல்லது. யோகாவை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது. நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, 999-ஐ அழைக்க வேண்டும்.