காரீயமும் வெள்ளீயமும்: இலங்கை யானைவேட்டையில் ஒரு குண்டின் கதை

ஈயம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை இரண்டு உலோகங்கள். இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. மீன்வலையின் அடியில் கட்டும் குண்டு காரீயம். இவ்விரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்ற கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கைக் காடுகளில் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. யானையின் உயிர் ஒருபுறம். சில அடி தொலைவில் துப்பாக்கியோடு நின்றவனின் உயிர் மறுபுறம்.

சாமுவேல் பேக்கரை நைல் நதியின் தோற்றுவாய்களைத் தேடிச் சென்றவராகவே பலரும் அறிவர். அதற்கு முன்பே, 1846-இல் வேட்டைக்காக இலங்கை வந்து, பின்னர் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றை அமைத்து, 1855 வரை அங்கு வாழ்ந்தவர் அவர். இலங்கை வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய இரு நூல்களிலும் துப்பாக்கி, வெடிமருந்து, குண்டு ஆகியவை கதைமாந்தரைப்போல வந்து போகின்றன. இலக்கிய வாசகர் அப்பக்கங்களைத் தாண்டிச் செல்வதே வழக்கம். நாம் இம்முறை அங்கேயே சற்று நின்று பார்ப்போம்.

பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பார் 1840-இல் பேக்கருக்காகச் செய்துகொடுத்த ரைபிள் 21 பவுண்டு எடை கொண்டது. ஏறத்தாழ ஒன்பதரை கிலோ. ஒருமுறை சுடுவதற்கு 16 டிராம், அதாவது 28 கிராம் அளவு கருமருந்து. உருண்டைக் குண்டு மூன்று அவுன்ஸ், கூம்புக் குண்டு நான்கு அவுன்ஸ். இவ்வகைத் துப்பாக்கியை 'நான்கு போர்' என்பார்கள். இங்கே போர் என்பது சண்டையன்று, குழலின் துளையளவு. ஒரு பவுண்டு காரீயத்தைச் சமமான நான்கு உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழல் நான்கு போர். எண் சிறுத்தால் குழல் பெருக்கும்.

இத்தனை பெரிய குண்டு எதற்கு? யானையின் மூளை சிறியது; மண்டையின் பின்பகுதியில் தாழ்வாக அமைந்தது. அதற்கு முன்னால், தேன்கூடுபோல் காற்றறைகள் நிறைந்த எலும்பு பல அங்குல கனத்துக்கு உள்ளது. அக்காலத்துக் கருமருந்தால் குண்டின் வேகத்தை ஓரளவுக்குமேல் கூட்ட இயலவில்லை. ஆகவே எடையைக் கூட்டினார்கள். ஆனால் எடை மட்டும் போதாது. தூய காரீயம் நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானது. எலும்பில் மோதியதும் அது காளான்போல் விரிந்து நின்றுவிடும். மென்தோல் விலங்குகளுக்கு அவ்விரிவு நன்மை. யானைக்கோ அது வீண். குண்டு மூளையை அடையாவிட்டால், காயம்பட்ட யானை ஒன்று வேட்டைக்காரனை மிதிக்கும். அல்லது காட்டுக்குள் சென்று நாள்கணக்கில் துன்புற்றுச் சாகும்.

எனவே காரீயத்தைக் கடினமாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் வேட்டையாடிய கார்டன் கம்மிங், தம்மிடமிருந்த பியூட்டர் பாத்திரங்களையே உருக்கிக் காரீயத்தோடு சேர்த்ததாக 1850-இல் வெளிவந்த தம் நூலில் எழுதுகிறார். பியூட்டர் என்பது பெரும்பாலும் வெள்ளீயமே. தட்டும் கரண்டியும் குண்டாயின. பேக்கர் பின்னர் அபிசீனியாவில் கையாண்ட முறை வேறு: ஒன்பது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு பாதரசம். வெள்ளீயம் காரீயத்தைவிட இலேசானது. அதைச் சேர்த்தால் குண்டின் எடை குறையும். பாதரசமோ காரீயத்தைவிடக் கனமானது; கடினமும் கூடும், எடையும் குறையாது. ஆனால் பாதரசம் கொதிக்கும் காரீயத்தில் ஆவியாகிவிடும் என்பதால், ஒவ்வொரு கரண்டியாகக் கலந்து உடனுக்குடன் அச்சில் ஊற்றவேண்டும். அந்த ஆவி நரம்புகளைச் சிதைக்கும் நஞ்சு என்பதை இன்று நாம் அறிவோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரைபிளின் உள்வரிகளில் அழுந்திப் பதியவேண்டிய குண்டு கடினமாக இருந்தால், வாய்வழியே இடிப்பது கடினம். பதியாவிட்டால் குறி தவறும். உருண்டையைச் சுற்றி ஒட்டியாணம்போல் ஒரு பட்டையோடு வார்த்து, குழலில் இரண்டே வரிகளை வெட்டி, பட்டை அவ்வரிகளில் பொருந்துமாறு செய்தனர். குண்டு நசுங்கவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

இந்த நுணுக்கங்களுக்குப் பின்னால் ஓர் அறம் இருந்ததை மறுக்க இயலாது: கொல்வதாயின் ஒரே அடியில் கொல்ல வேண்டும். பெருங்குழல் ரைபிளுக்குக் கடின வார்ப்புக் குண்டு தேடும் வேட்டைக்காரர்கள் இன்றும் கூறும் நியாயம் இதுவே. ஆனால் அதே கடினம், ஒரே மனிதன் ஒரே காலையில் மந்தையின் பல யானைகளை வீழ்த்துவதையும் எளிதாக்கிற்று. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ராஜர்ஸ் 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845-இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். இலங்கை யானைகளில் தந்தமுடையவை மிகச் சிலவே. ஆகவே இது பெரிதும் தந்தத்துக்கான வேட்டையும் அன்று.

அரசோ யானைக்குத் தலைக்கணக்கில் சில ஷில்லிங் பரிசு வழங்கிற்று. எமர்சன் டென்னண்ட் தரும் கணக்கின்படி, 1848-க்கு முந்தைய மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தில் மட்டும் 3,500-க்கும் மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000-க்கும் மேல். அன்றைய வடமாகாணம் என்பது வன்னிக் காடுகளும் அநுராதபுரப் பகுதியும் அடங்கியது. இதே வன்னி யானைகள் ஒருகாலத்தில் ஆனையிறவு வழியே யாழ்ப்பாணம் கொண்டுசெல்லப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்திய மன்னர்களுக்கு விற்கப்பட்டன. உயிருள்ள யானைக்கு விலை இருந்த காலம் போய், செத்த யானைக்கு விலை வந்தது. ஆனையிறவு என்ற ஊர்ப்பெயரை நாம் போர்ச் செய்திகளில் கேட்டுப் பழகிவிட்டோம். அப்பெயருக்குள் யானைகளின் நடை ஒளிந்திருப்பதை மறந்துவிட்டோம்.

1898-இல் புகையில்லா மருந்தோடு வந்த பெரிய ரைபிள்களும் உலோக உறையிட்ட குண்டுகளும் யானைவேட்டையில் கடின ஈயத்தின் காலத்தை முடித்துவைத்தன. எனினும் வார்ப்புக் கலை அழியவில்லை. அமெரிக்க வேட்டைக்காரர்கள் வெள்ளீயத்தோடு அஞ்சனத்தையும், அதாவது ஆன்டிமனியையும், சேர்த்துத் தட்டைமுனைக் குண்டுகளை வார்க்கின்றனர். பிரினெல் அளவையில் தூய காரீயத்தின் கடினம் சுமார் 5. காரீயம் 90, வெள்ளீயம் 5, அஞ்சனம் 5 என்ற கலவை சுமார் 15. அச்சகங்களின் லைனோடைப் உலோகம் சுமார் 22. ஆனால் கடினம் மிகுந்தால் குண்டு எலும்பில் பட்டு நொறுங்கவும் கூடும் என்பதால், கடினமே எல்லாம் என்று அவர்களும் கருதுவதில்லை.

இங்கே நம்மைப் போன்ற வாசகர்கள் சற்றுத் துணுக்குறலாம். ஈய எழுத்துக் கோத்து அச்சிடும் தொழில் மங்கியபோது, அச்சகங்களிலிருந்து வெளியேறிய உலோகத்தின் ஒரு பகுதி குண்டு வார்ப்போரின் உலைக்குச் சென்றது. செய்தித்தாளின் வரிகளாக நின்ற உலோகமே குண்டாயிற்று.

இலங்கையில் 1937-ஆம் ஆண்டின் சட்டம் காட்டு விலங்குகளுக்குக் காப்பளித்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யானைகள் 5,879. ஆனால் 2019-இலும் 2023-இலும் ஒவ்வோர் ஆண்டும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் இறந்த மனிதர்களும் நூற்றுக்கு மேல். இப்போது கொல்வது கனவான்களின் நான்கு போர் அன்று. பயிரைக் காக்க முயலும் உழவரின் நாட்டுத்துப்பாக்கியும், தீனியில் மறைத்த வெடியும், மின்கம்பியும். அவை ஒரே அடியில் கொல்வதில்லை. பேக்கரின் நூல்கள் குண்டின் எடையை அவுன்ஸ் பிசகாமல் சொல்கின்றன. அவற்றைப் படிக்கையில், டென்னண்ட் தந்த அந்த 3,500 என்ற எண்ணையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு படிப்பதே நமக்கு நேர்மை.