மோட்டாருக்கு ஒரு தெப்பக்குளம்

அனுப்பானடியில எங்க வீட்டுக் குழாயைத் திறந்தாலே போர் மோட்டார் டக் டக்னு ஆன், ஆஃப். பிரஷர் டேங்கோட காத்து வால்வை அமுக்கினேன், தண்ணி பீச்சுது. உள்ளே ரப்பர் பை கிழிஞ்சிருச்சு. காத்து இல்லைன்னா டேங்க் எதையும் சேர்த்து வைக்காது. ஒவ்வொரு சொம்புக்கும் மோட்டார் ஓடணும், சீக்கிரம் எரிஞ்சுடும்.

எங்க ஏரியாவுக்கே ஒரு சேமிப்பு டேங்க் உண்டு: 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். வைகை ஓடும்போது கால்வாய் வழியா நிரம்பி, அப்புறம் சுத்தியிருக்கிற கிணறுகளுக்கு மெதுவா ஊறும். கால்வாய் அடைபட்டதும் குளம் கிரிக்கெட் மைதானம் ஆச்சு (நானும் ஆடியிருக்கேன்!). தைத் தெப்பத் திருவிழாவுக்கே மோட்டார் போட்டு நிரப்பினாங்க. நாங்க போரை ஆழமாக்கிட்டே போனோம்.

சில வருஷம் முன்னாடி பனையூர் கால்வாய் வழியா வைகைத் தண்ணி மறுபடி வந்துச்சு. பக்கத்துத் தெரு போர்கள்ல மட்டம் ஏறுச்சு.

எங்க மோட்டாரா? புது டேங்க் மாத்தியாச்சு.