அசையும் உறுப்புக்குச் சக்தி சென்ற வழி

நீராவி யந்திரத்தை அமைத்தவர், மோட்டாரைக் கண்டவர், பல்சக்கரத்தைச் செப்பனிட்டவர் ஆகியோரின் கீர்த்தியை விரித்துரைக்கும் யந்திர சரித்திர நூல்கள், ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்புக்கு மின்சாரமும் காற்றும் எண்ணெயும் எந்த வழியாகப் போய்ச் சேருகின்றன என்ற விஷயத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நின்ற இடத்தில் நிற்கும் யந்திரத்துக்குக் கம்பியையும் குழாயையும் சுவரோரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். முன்னும் பின்னும் ஓயாமல் போய்வரும் மேடைக்கோ, உயரே ஊர்ந்து செல்லும் கிரேனுக்கோ அவை செல்ல வேண்டுமானால், அவையும் கூடவே பிரயாணம் செய்தாக வேண்டும். போகும்போது இழுபடாமலும், வரும்போது சிக்காமலும், எந்த இடத்திலும் அளவுக்கு மீறி மடியாமலும் அந்தப் பிரயாணம் நடந்தாக வேண்டும். இந்த நிர்ப்பந்தத்துக்கு மனிதன் தேடிய உபாயங்களின் கதை நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. மலிவான பொருளைக் கொண்டு செவ்வையான காரியம் நடப்பது எப்போது, நடவாமற் போவது எப்போது என்பதையும் அது தெளிவாகக் காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்சாலையில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தலைகாட்டவில்லை. ஒரே நீராவி யந்திரம் கூரையடியில் நீண்டு கிடந்த லைன் ஷாஃப்டைச் சுழற்ற, அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு யந்திரத்தையும் ஓட்டின. லேத்தின் வண்டி இடம் பெயர்ந்தபோது, நெடுக வரி வெட்டிய ஒரு தண்டு அதன் ஊடே ஓடி, அது எங்கே நின்றாலும் அதற்கு வேண்டிய சுழற்சியைக் கொடுத்தது. ஆரம்ப காலத்து மேல்நிலைக் கிரேன்களிற் பலவும் இப்படியே தண்டினாலோ ஓடும் கயிற்றினாலோ இயங்கின. இயக்கம் தண்டு, பெல்ட்டு, கயிறு ஆகியவற்றின் மூலமாகவே பரவிய அந்தக் காலத்தில், கூடவே பிரயாணம் செய்யும் கம்பிக்கும் குழாய்க்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

வளைந்து கொடுக்கும் குழாயின் தேவை முதலில் நெருப்பை அணைக்கும் தொழிலில் எழுந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓவியராகவும் யந்திர நிபுணராகவும் விளங்கிய யான் வான் டெர் ஹைடன், 1670-களில் தோலைத் தைத்துக் குழாயாக்கி, துண்டுகளைப் பித்தளை இணைப்புகளால் கோத்து, தீயின் அருகிலேயே தண்ணீரைக் கொண்டு சேர்க்கும் வழியைக் காட்டினார். பின்னர் 1846-இல் நியூகாசில் துறைமுக மேடையில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் தண்ணீர் அழுத்தத்தால் இயங்கும் கிரேனை நிறுவியபோது, சுழலும் கிரேனுக்குள் தண்ணீரைச் செலுத்த அதன் சுழல் மையத்தில் திரும்பும் மூட்டு ஒன்று போதுமானதாயிற்று. கிரேன் தண்டவாளத்தின் மேல் நகரத் தொடங்கிய பிறகோ, துறைமுக விளிம்பு நெடுகிலும் இடையிடையே தண்ணீர் வாய்களை வைத்து, முழங்கை போல் மடிந்து நீளும் இரும்புக் குழாய்களால் அவற்றோடு கிரேனை இணைக்க வேண்டியிருந்தது. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டதன் பின், துணி மடிப்புகளுக்கிடையே ரப்பரை ஊட்டிய ஹோஸ் குழாய்கள் பெருகி அந்த இரும்பு முழங்கைகளின் வேலையைச் சிறிது சிறிதாக ஏற்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த ரப்பரின் பெரும்பகுதியைத் தந்தவை மலேயா முதலிய கீழ்த்திசை நாட்டுத் தோட்டங்கள் என்பதும், மலேயாவில் மரத்தைக் கீறிப் பாலெடுத்த கைகளிற் பல தமிழ்த் தொழிலாளரின் கைகள் என்பதும் நாம் மறக்கலாகாத செய்தி.

மின்சாரம் வந்தபோது நிலைமை வேறானது. வெர்னர் ஸீமன்ஸ் 1879-இல் பெர்லின் பொருட்காட்சியில் ஓட்டிய சிறு ரயிலுக்கு, இரு தண்டவாளங்களுக்கு நடுவே கிடந்த மற்றோர் இரும்புப் பட்டை மின்சாரம் ஊட்டியது. 1881-இல் பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில் ஓடிய டிராம் வண்டிக்கோ, ஓடும் தண்டவாளங்கள் இரண்டுமே மின்சாரம் ஊட்டின. குறுக்கே கடந்த குதிரைகள் அதிர்ச்சிக்குள்ளாகவும் நேர்ந்தது. உராய்ந்து செல்லும் தொடர்பினால் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் இந்த முறை, பின்னாளில் கிரேன்களுக்கு மேலே இழுத்துக் கட்டிய வெறும் செம்புக் கம்பிகளாக நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. தூசியும் ஈரமும் எண்ணெயும் நிறைந்த இடத்தில் திறந்த கம்பி பொறி கக்கும், தீண்டியவரைக் கொல்லும். காற்றையும் எண்ணெயையும் தண்ணீரையுமோ உராய்வுத் தொடர்பினால் வாங்கிக்கொள்ளவே இயலாது. ஆகவே அறுபடாத ஒரே குழாய், அறுபடாத ஒரே கம்பி, அசையும் உறுப்பைப் பின்தொடரும் மார்க்கம் ஒன்று அவசியமாயிற்று.

அந்த மார்க்கத்தின் தத்துவத்தை முதலில் தெளிவாகக் காட்டியது லிஃப்ட் என்று சொல்லலாம். ஸீமன்ஸ் 1880-இல் மான்ஹைம் பொருட்காட்சியில் மின்சார லிஃப்டை இயக்கிக் காட்டியபோது, மோட்டாரே மேடையின் அடியில் அமர்ந்து பற்சட்டத்தைப் பற்றி ஏறியது. பின்னர் மோட்டார் மாடியின் உச்சிக்குப் போய்விட்டபோதிலும், கூண்டுக்குள் விளக்கும் பொத்தானும் கதவுக் காவலும் இருந்தபடியால் அவற்றுக்குரிய கம்பிகள் கூண்டோடு ஏறி இறங்கியே தீர வேண்டியிருந்தது. அதற்குக் கண்ட வழி மிக எளியது: கேபிளின் ஒரு முனையைக் கூண்டின் அடியிலும் மறு முனையைச் சுவரின் நடு உயரத்திலும் கட்டி, இடையே அதை ஒரு தொங்கும் வளைவாக விட்டுவிடுவது. கூண்டு இரண்டு அடி இறங்கினால் வளைவு ஓர் அடிதான் இறங்கும். வளைவின் ஒரு பக்கம் குறைய மறுபக்கம் கூடும். கேபிளின் எந்தப் பகுதியும் உராயாது, இழுபடாது, தன் முறை வரும்போது மட்டும் வளைந்து மறுபடியும் நிமிரும். முனையை நடுவிலே கட்டியதில் சிக்கனமும் அடங்கியிருக்கிறது. பிரயாண தூரம் 4 மீட்டர் என்றால், ஒரு கோடியில் கட்டிய கேபிளுக்கு 4 மீட்டரும் வளைவின் நீளமும் வேண்டும். நடுவில் கட்டினால் 2 மீட்டரும் வளைவின் நீளமும் போதும். பின்னால் வந்த உபாயங்களில் மிகச் சிறந்தது இந்தக் கணக்கின் மேல்தான் கட்டப்பட்டது.

செங்குத்தான பிரயாணத்தில் பூமியின் ஈர்ப்பே வளைவைப் பிடித்து நிறுத்துகிறது. கிடையான பிரயாணத்தில் அந்த உதவி கிடைப்பதில்லை. அதனால் கிரேன்களில் கேபிளைத் துண்டு துண்டாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு தொங்கலையும் தண்டவாளத்தில் உருளும் சிறு வண்டியில் மாட்டும் முறை பரவிற்று. திரைச்சீலை ஒதுங்குவதைப் போல் அவை ஒரு கோடியில் ஒதுங்கி நிற்கும். தட்டையான கேபிளும் இழுவையைத் தாங்கும் கயிறும் சேர்ந்தால் அது இன்றும் மலிவான ஏற்பாடே. எனினும் ஒதுங்கிய வண்டிகளுக்கென்று இடம் விடவேண்டும், வேகம் கூடினால் தொங்கல்கள் ஊசலாடும். வில்லினால் தானே சுருட்டிக்கொள்ளும் உருளைகளும் வந்தன. அவற்றில் உராய்வுத் தொடர்பும் சுழல் மூட்டும் மறுபடியும் உள்ளே புகுந்துகொண்டன. நிலக்கரிச் சுரங்கத்தில் இந்தத் தொல்லை எல்லை கடந்தது. கரியை வெட்டியபடியே நகரும் யந்திரத்தின் பின்னால், கூரிய கற்களின் மேல் கனத்த கேபிள் இழுபட்டுச் செல்லும். அது கிழிந்தால் உயிருக்கே அபாயம். பிரிட்டனில் நிலக்கரி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருந்த டெர்பிஷயரின் பிரெட்பி என்னும் ஊரின் பெயராலேயே இன்றும் வழங்கும் ஒரு சங்கிலி, கேபிளையும் தூசியை அடக்கும் தண்ணீர்க் குழாயையும் தன் கண்ணிகளுக்குள் அடக்கி, இழுவையைத் தானே தாங்கிக்கொண்டது.

தொழிற்சாலை யந்திரங்களுக்கு இத்தகைய சங்கிலியைப் பூரணமாக அமைத்துத் தந்தவர் ஜெர்மனியின் கில்பர்ட் வானிங்கர். அவர் 1953-இல் வகுத்த எஃகுச் சங்கிலியைச் செய்து விற்பதற்காக மறு ஆண்டில் ஸீகன் நகரில் ‘காபெல்ஷ்லெப்’ கம்பெனி தோன்றியது. தொன்றுதொட்டு இரும்பு உருக்கி வாழ்ந்த பிரதேசம் அது. அந்தச் சங்கிலியின் சாமர்த்தியம் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள இரண்டு தடைகளில் இருக்கிறது. ஒரு தடை, கண்ணி நேர்கோட்டுக்குக் கீழே தொய்யவொட்டாமல் நிறுத்துவதால், சங்கிலியின் மேற்பகுதி தாங்குவார் இல்லாமலே சிறிது தூரம் நிமிர்ந்து நிற்கிறது. மற்றொரு தடை, குறித்த கோணத்துக்கு மேல் மடியவொட்டாமல் நிறுத்துவதால், வளைவின் ஆரம் என்றைக்கும் ஒன்றாகவே இருக்கிறது. லிஃப்ட் கேபிளுக்குப் பூமி செய்த உபகாரத்தை இங்கே இந்த இரு தடைகளும் செய்கின்றன. அதே சமயத்தில், 1952-இல், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்களின் கட்டளைப்படி ஓடும் வெட்டு யந்திரம் காட்சிக்கு வந்தது. அத்தகைய யந்திரங்கள் பெருகப் பெருக, நகரும் உறுப்புகளின் மேலேயே மோட்டார்களும் உணர்கருவிகளும் ஏறின. அவற்றைத் தேடிச் செல்லும் கேபிள்களும் பெருகின. சங்கிலியின் தேவையும் அவற்றோடு வளர்ந்தது.

விலை இறங்கியது பிளாஸ்டிக்கினால். 1964-இல் கொலோன் நகரில் ஒரு மோட்டார்க் கொட்டகையில் கூந்தர் பிளாஸே தம் மனைவி மார்கரெட்டுடன் தொடங்கிய ‘இகுஸ்’ கம்பெனி, பிளாஸ்டிக் உறுப்புகளை அச்சில் வார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அது பிளாஸ்டிக் சங்கிலிகளையும் செய்யலாயிற்று. எஃகுக் கண்ணியை வெட்டி, துளையிட்டு, ஆணி பூட்டி முடிப்பதற்குப் பல வேலைகள் தேவை. கண்ணாடி இழை கலந்த நைலான் கண்ணியோ, தடைகளோடும் கீல்களோடும் சேர்ந்து, ஒரே அச்சிலிருந்து வெளிவருகிறது. அதற்குத் துருவில்லை, எண்ணெய் இட வேண்டியதில்லை, கனமும் சொற்பம். மூடியைத் திறந்தால் நடுவிலே ஒரு கேபிளைச் சேர்க்கவோ நீக்கவோ முடியும். கொதிக்கும் இரும்புத் தூள் விழும் இடத்திலும், பெருஞ்சுமை தாங்க வேண்டிய இடத்திலும் எஃகுச் சங்கிலி இன்றும் தன் ஸ்தானத்தை இழக்கவில்லை. மற்ற இடங்களிற் பெரும்பாலானவற்றைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. நம் நாட்டுப் பட்டறைகளில் ‘டிராக் செயின்’ என்று மீட்டர் கணக்கில் வாங்கப்படுவது இந்த வம்சத்தின் சிறு பிள்ளைதான்.

சங்கிலி மலிந்தவுடன் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடவில்லை. தொல்லை சங்கிலியை விட்டு அதன் உள்ளே கிடக்கும் கேபிளுக்கு இடம் மாறியது. கேபிள் வளையும்போது வெளிப்புறச் செம்பிழைகள் நீள்கின்றன, உட்புறத்தவை சுருங்குகின்றன; லட்சக்கணக்கான வளைவுகளுக்குப் பின் முறுக்குக் குலைந்து, திருகாணி போல் புடைத்து, உள்ளே இழை அறுந்துபோகிறது. இதைத் தவிர்ப்பதற்குத் தொழிலாளிகள் அனுபவத்தால் கண்ட விதிகள் சில. மெல்லிய இழைகளாலான, அசைவுக்கென்றே முறுக்கிய கேபிளை வாங்க வேண்டும். அதன் குறுக்களவைப் போல் ஏழரை முதல் பத்து மடங்குக்குக் குறையாத ஆரத்தைக் கொடுக்க வேண்டும். சங்கிலிக்குள் கேபிளைச் சுற்றிப் பத்தில் ஒரு பங்கும், ஹோஸைச் சுற்றி ஐந்தில் ஒரு பங்கும் வெற்றிடம் விட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடி நடுவே தடுப்பு வைக்க வேண்டும். மின்கேபிளை இரு முனைகளிலும் இறுகப் பற்ற வேண்டும். அழுத்தத்தால் நீளம் மாறும் எண்ணெய் ஹோஸை மட்டும் அவ்வாறு பற்றாமல், அது கூடவும் குறையவும் இடங்கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்றைப் புறக்கணித்தாலும் விலையுயர்ந்த சங்கிலியும் காப்பாற்றாது. அறுந்த கேபிளின் விலை சொற்பமாயிருக்க, அதற்காக யந்திரம் நின்ற நேரத்தின் நஷ்டம் பெரிதாய்விடும்.

இந்த விதிகளை அனுசரித்தவர்கள் சங்கிலி இல்லாமலும் காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள் என்பதற்கு, மேஜையின் மேல் இருக்கும் அச்சுப்பொறியே சாட்சி. அச்சிடும் தலையைக் கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைக்கும் தட்டையான நாடாக் கேபிள் தன் விறைப்பினாலேயே வளைவை ஒரே ஆரத்தில் உருட்டிச் செல்கிறது. வழிகாட்டி என்று தனியே ஒரு பொருளும் அங்கே இல்லை. சங்கிலியே வேண்டும் என்பவருக்கும் எளிய வழி உண்டு. பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-இல் தொடங்கிய ‘ரெப்ராப்’ முயற்சி, தன் உறுப்புகளிற் பலவற்றைத் தானே செய்துகொள்ளும் முப்பரிமாண அச்சு யந்திரத்தைப் பரப்பியது. அதன் வழிவந்த யந்திரங்களை வைத்திருப்பவர்கள், கேபிள் சங்கிலியின் கண்ணிகளையும் அந்த யந்திரத்தாலேயே அச்சிட்டுக் கோத்துக்கொள்கிறார்கள். கண்ணிக்கு வசதியில்லாதவர் கேபிள் கற்றையோடு மெல்லிய எஃகு நாடா ஒன்றைச் சேர்த்துக் கட்டுகிறார்; இழுத்தளக்கும் பழைய அளவுகோலின் நாடாவே அதற்குப் போதும். திரைச்சீலை ஓடும் தகரத் தடத்தை வாங்கி, அதன் உருளைகளில் காற்றுக் குழாயைத் தொங்கவிடும் பட்டறைகளும் உண்டு.

துறைமுகக் கிரேனின் இரும்பு முழங்கையிலிருந்து அச்சிட்ட கண்ணிவரை வந்த இந்த நீண்ட பரிணாமத்தில் பொருள் மாறிக்கொண்டே வந்தது. பிளாஸ்டிக் வந்தபின் விலையும் இறங்கியது. மாறாமல் நின்றவை மூன்று: வளைவின் ஆரம், முனையைப் பற்றிக்கொள்ளும் பிடி, இழுவையைக் கேபிளின் மேல் விடாமல் வேறொன்று தாங்க வேண்டும் என்னும் நியதி. ஆகையால் சிறு முதலோடு யந்திரம் அமைப்பவர் வழிகாட்டியின் பொருளில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். கேபிளின் தரத்திலும் ஆரத்தின் அளவிலும் பிடிக்கலாகாது. மிச்சப்படுத்த விரும்பினால், முதலில் முனையைப் பிரயாணத்தின் நடுவிலே கட்டட்டும். ஓடும் சங்கிலியிலும் கேபிளிலும் ஏறக்குறையப் பாதி அங்கேயே மிச்சமாகிவிடும்.