பிளொக்செயின் வலையமைப்புகளின் வேகம்: எண்களை எப்படி வாசிப்பது?

"எங்கள் நாணயம் பிட்கொயினை விட ஆயிரம் மடங்கு வேகமானது." புதிய டிஜிட்டல் நாணயங்களை விற்க வருவோர் வட்ஸ்அப் குழுக்களிலும் சூம் கூட்டங்களிலும் முன்வைக்கும் வாதங்களுள் இதுவும் ஒன்று. வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தை இத்தகைய பேச்சை நம்பிக் கொடுப்பதற்கு முன், அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பதை விளங்கிக்கொள்வது அவசியம்.

வேகம் என்றால் என்ன?

ஒரே கணக்குப் புத்தகத்தின் பிரதியைப் பல கணினிகள் வைத்திருந்து, புதிய பதிவுகளை எல்லோரும் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் முறையே பிளொக்செயின். பதிவுகள் தனித்தனியாக அல்ல, தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்படும். ஒரு தொகுதிக்குப் பெயர் பிளொக்.

கம்பளையிலிருந்து புசல்லாவை ஊடாக நுவரெலியா போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ்? அதில் எத்தனை ஆசனம்? இவ்விரண்டும் சேர்ந்ததே கொள்ளளவு. ஏறியவர் உரிய இடத்தை அடைவது எப்போது நிச்சயமாகும் என்பது மூன்றாவது கேள்வி. கிரிப்டோ விளம்பரங்கள் முதலிரண்டையும் பேசும். மூன்றாவதைப் பெரும்பாலும் பேசாது.

பிரதான வலையமைப்புகள்

பிட்கொயின் (2009): சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளொக். செக்கனுக்குச் சுமார் 7 கொடுக்கல் வாங்கல்கள். பெரிய தொகையாயின் ஆறு பிளொக்குகள், அதாவது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் காத்திருப்பதே வழமை. நெரிசலான வேளையில் அதிக கட்டணம் தருபவருக்கே முதலிடம்.

எதீரியம் (2015): 12 செக்கனுக்கு ஒரு பிளொக். பிரதான சங்கிலியில் செக்கனுக்குச் சுமார் 15 கொடுக்கல் வாங்கல்கள் என்பதே நீண்டகாலமாகச் சொல்லப்படும் அளவு. இறுதி உறுதிப்பாட்டுக்குச் சுமார் 13 நிமிடங்கள். 2022 செப்டெம்பரில் அது தன் சரிபார்ப்பு முறையை மாற்றியபோது மின்சாரச் செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் கொள்ளளவு பெரிதாகக் கூடவில்லை.

சொலானா (2020): அரைச் செக்கனுக்கும் குறைவான நேரத்தில் ஒரு பிளொக். கோட்பாட்டளவில் செக்கனுக்கு 65,000 என்றார்கள். நடைமுறை அளவு அதைவிட மிகக் குறைவு. காட்டப்படும் எண்ணிக்கையிலும் பெரும்பகுதி கணினிகள் தமக்குள் இடும் வாக்குகளே. 2021 செப்டெம்பரில் சுமார் 17 மணித்தியாலங்களும், 2024 பெப்ரவரியில் சுமார் 5 மணித்தியாலங்களும் இந்த வலையமைப்பு முழுமையாக நின்றது.

ஒப்பீட்டுக்கு, பிளொக்செயின் அல்லாத வீசா வலையமைப்பு செக்கனுக்கு 65,000க்கு மேற்பட்ட தகவல்களைக் கையாள வல்லது என்கிறது அந்நிறுவனம். இந்தியாவின் யுபிஐ 2023 ஓகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டியது. அதாவது செக்கனுக்குச் சராசரியாக 3,700க்கு மேல்.

இலங்கையின் 2 கோடியே 17 இலட்சம் மக்களும் தலைக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் செய்தால், பிட்கொயினுக்கு 36 நாட்களும் எதீரியத்துக்கு 17 நாட்களும் தேவை. வீசாவின் முழுக் கொள்ளளவுக்கு ஆறு நிமிடம் போதும்.

ஏன் இந்த வித்தியாசம்?

பிட்கொயினின் முழுக் கணக்குப் பிரதியை வீட்டிலுள்ள சாதாரண கணினியிலும் வைத்துச் சரிபார்க்கலாம். அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலையே அதன் மந்தம். சொலானாவைச் சரிபார்க்க விலையுயர்ந்த, சக்திவாய்ந்த கணினி வேண்டும். பரவலாக்கம், பாதுகாப்பு, கொள்ளளவு ஆகிய மூன்றையும் ஒருசேர உச்சத்தில் பெறுவது கடினம் என்பதை எதீரியத்தின் நிறுவுநர் விட்டாலிக் பியூட்டரின் விளக்கியுள்ளார். பிரதான சங்கிலிக்கு வெளியே கணக்கை முடித்து, இறுதி விடையை மட்டும் அதில் பதியும் லைட்னிங் போன்ற முறைகள் இதற்காகவே உருவாகின.

ஒரே நிறுவனத்தின் ஒரே கணினியில் இயங்கும் கணக்கு எவ்வளவு வேகமாகவும் ஓடலாம். சரிபார்க்க வேறு யாரும் இல்லையே! ஆகவே வேகம் நம்பகத்தன்மைக்குச் சான்று அல்ல.

இலங்கையில் நிலை

மெய்நிகர் நாணயங்களில் முதலிடுவதன் ஆபத்து குறித்து இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் எச்சரித்துள்ளது. அவற்றை வாங்க வங்கி அட்டைகள் மூலம் பணம் செலுத்தவும் அனுமதியில்லை. பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றமாகும். அதேவேளை, வாடிக்கையாளரின் அடையாளத் தகவல்களை வங்கிகள் பகிர்ந்துகொள்ள உதவும் பிளொக்செயின் பரீட்சார்த்தத் திட்டம் ஒன்றையும் மத்திய வங்கி நடத்தியது. தொழில்நுட்பம் வேறு, அதன் பெயரால் விற்கப்படும் நாணயம் வேறு.

நாட்டுக்குள் பணம் அனுப்ப 2015 முதல் லங்காபேயின் செஃப்ட்ஸ் முறை இருக்கிறது. வங்கிக்கு வங்கி சில கணங்களில் பணம் போய்விடும். தவறு நேர்ந்தால் முறையிட வங்கியும் உண்டு. கிரிப்டோ மூன்று செக்கனில் வந்தாலும், அதை ரூபாவாக மாற்ற முன்பின் அறியாத ஒருவரை நம்ப வேண்டியிருந்தால் அந்த வேகத்தால் பயனில்லை.

எனவே யாராவது வேகத்தைச் சொல்லி முதலீடு கேட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இது கோட்பாட்டு எண்ணா, நடைமுறை எண்ணா? மாற்ற முடியாதபடி உறுதியாக எவ்வளவு நேரம்? யார் யார் சரிபார்க்கிறார்கள்? என் பணத்தை ரூபாவாக எங்கே, யாரிடம் பெறுவேன்? தெளிவான பதில் வரவில்லையானால் பணத்தைக் கையை விட்டு விடாதீர்கள்.