மார்கழிக் காற்றும் லோதி ரோடும்

டெல்லிக்குக் குடிவரும் நாம தோசைக்கல், ஊறுகாய் ஜாடியோடு ஊர்ப் பழக்கங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். அதில் ஒன்று மார்கழி விடியற்காலை நடை. நாலரைக்கு எழுந்து குளித்து, ஆறு மணிக்குள் கோவிலுக்குப் போய்த் திரும்புவது. மார்கழிக் காற்று உடம்புக்கு நல்லது என்று பெரியவர்கள் சொன்னது கும்பகோணத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். இங்கே செல்லாது. இதை நான் சொல்லவில்லை, லோதி ரோட்டில் இருக்கும் கருவிகள் சொல்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு.

1864-ல் கல்கத்தாவைப் புயல் புரட்டிப்போட்டது. 1866, 1871-ல் பருவமழை பொய்த்தது. இத்தனையும் பட்ட பிறகுதான் வெள்ளைக்காரர்கள் 1875-ல் இந்திய வானிலைத் துறையை ஆரம்பித்தார்கள். (சென்னையில் 1796-லேயே வானிலையைக் கவனிக்க ஒரு நிலையம் இருந்தது. அந்தத் துறைக்கே நாம சீனியர்!) தலைமையகம் கல்கத்தா, சிம்லா, புனே என்று ஊர் ஊராக மாறி 1944-ல் டெல்லி வந்தது. இப்போது லோதி ரோட்டில் மௌசம் பவன்.

மழையையும் புயலையும் அளந்தது சரி, நாம இழுக்கிற மூச்சு? அதற்குக் காமன்வெல்த் போட்டி வரவேண்டியிருந்தது. 2010 அக்டோபரில், இதே லோதி ரோட்டை ஒட்டிய நேரு ஸ்டேடியத்தில் தொடக்க விழா. வெளிநாட்டு வீரர்கள் வருகிறார்களே என்று புனே வானிலை ஆய்வு நிறுவனம் 'சஃபர்' என்ற காற்றுத்தர முன்னறிவிப்பை அமைத்தது. விருந்தாளிகள் போனார்கள், கருவிகள் நமக்கு மிஞ்சின. 2015-ல் அது மொபைல் ஆப்பாகவும் வந்தது. அதே வருடம் ஏப்ரலில் தேசியக் காற்றுத்தரக் குறியீடு: எட்டு மாசுகளுக்கும் சேர்த்து ஒரே எண், ஆறு நிறம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப் காட்டுவது இதைத்தான்.

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு பாருங்கள். தூசிக்கான அந்த எண் 24 மணி நேர சராசரி. இந்த நிமிடத்துக் காற்று அல்ல. அளவுகோலும் 500-ல் நின்றுவிடும். சில வெளிநாட்டு ஆப்கள் அமெரிக்கக் கணக்கில் காட்டுவதால் ஒரே தெருவுக்கு இரண்டு எண் வரும். பதறவேண்டாம்.

விடியற்காலை ஏன் மோசம்? குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்க, மேலே இருக்கும் சூடான காற்று பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி லாரிப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் அதற்குள்ளேதான். வெயில் ஏறித் தரை சூடான பிறகே மூடி திறக்கும். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கொஞ்சம் தேவலை. இரவில் மறுபடி மூடி.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. "மார்கழில ரெண்டு மணிக்கு எவன்டா வாக்கிங் போவான்?" என்றார். மணிக்கணக்கு வரைபடத்தைக் காட்டினேன். இப்போதெல்லாம் திருப்பாவை வீட்டுக்குள், நடை சாப்பாட்டுக்குப் பிறகு. கிளம்புமுன் போனை அவரே கேட்டு வாங்கி, நிறம் பார்க்கிறார்.