கருகிய வயலா, வாடிய வயலா?

திண்டுக்கல் பக்கம் மாரடைப்பில் பிழைத்தவரைப் பார்க்கப் போனால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை அடைப்பாம்?" என்பதுதான். வாய்க்காலில் அடைப்பு எங்கே என்பதை ஆஞ்சியோகிராம் காட்டிவிடும். அந்த வாய்க்கால் பாய்ந்த வயல் கருகிவிட்டதா, வாடித்தான் கிடக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடிய வரலாறு அணு உலைகளோடு பிணைந்தது.

1920களின் நடுவில் பாஸ்டனில் ஹெர்மன் புளூம்கார்ட், ஒரு கையில் கதிரியக்கக் கரைசலைச் செலுத்தி, மறு கையை அது எட்டும் நேரத்தை அளந்தார். 1937இல் டெக்னீசியம் கண்டறியப்பட்டது. 1950களின் இறுதியில் மாலிப்டினத்திலிருந்து அதைக் 'கறக்கும்' கருவியும், ஹால் ஆங்கரின் காமா கேமராவும் வந்தன.

1970களில் இரு வழிகள் பிறந்தன. டெக்னீசியம் பைரோபாஸ்பேட் சாகும் தசையில் ஒட்டி ஒளிர்ந்தது. தாலியம்-201 பொட்டாசியத்தைப்போல உயிருள்ள செல்லுக்குள் நுழைந்தது; தசை இறந்த இடம் இருண்டு தெரிந்தது. சில மணி நேரம் கழித்து மீண்டும் படமெடுக்கையில் இருள் நிரம்பினால், அங்கே இன்னும் உயிர் இருக்கிறது என்று பொருள்.

இந்தியாவின் கதை சற்றே வேறு. டிராம்பேயில் அப்சரா உலை 1956இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அங்கிருந்தே மருத்துவ ஐசோடோப்புகள் வரலாயின. யுரேனியப் பிளவில் கிடைக்கும் மாலிப்டினம் செறிவு மிக்கது. நம் உலைகளில் நியூட்ரான் பட்டுக் கிடைத்ததோ செறிவு குறைந்தது. எனவே மெதில் எதில் கீட்டோன் கொண்டு டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கும் முறையை நம் மருத்துவமனைகள் பல கையாண்டன. பெயின்ட், பசைத் தொழில்களில் புழங்கும் அதே கரைப்பான்தான்! இல்லாமையிலிருந்து பிறந்த இந்த ஏற்பாட்டை நாம் குறைவாக மதிப்பதற்கில்லை. 2009 மே மாதம் கனடாவின் என்.ஆர்.யூ. உலை கனநீர்க் கசிவால் நின்று, 2010 ஆகஸ்ட் வரை முடங்கியபோது உலகெங்கும் ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

ஆனால் படம் சொல்வதை எவ்வளவு நம்புவது? உயிருள்ள தசை மிகுந்தோருக்கே பைபாஸ் அதிகம் பயன் தரும் என்று பல்லாண்டு கருதப்பட்டது. 2011இல் வெளியான 'ஸ்டிச்' ஆய்வின் கிளை ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. விவாதம் ஓயவில்லை.

மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். டெக்னீசியத்துக்கு 6 மணி நேரம். காலையில் கறந்தது மாலைக்குள் பாதிக்கும் கீழே போய்விடும். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் சுமார் 60 கி.மீ. நம்மவர்கள் காபி குடிக்காமல், முதல் பேருந்தைப் பிடிக்கிறார்கள்.