தேக்குக் கணக்கில் போன அரியணை

1885 ஆகஸ்டில் பர்மா மன்னரின் மண்டலே அரசவை, பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நிங்யான் காட்டுத் தேக்கைக் குறைத்துக் காட்டி, அரசுக்குச் சேர வேண்டியதை ஏய்த்ததாகக் குற்றச்சாட்டு. பச்சைத் தேக்கு மிதக்காது. நிற்கும்போதே அடிப்பட்டையைச் சுற்றிச் செதுக்கி, மரம் காய்ந்த பின்பே வெட்டி ஆற்றில் விடுவார்கள். அந்தக் கட்டைகள் சித்தாங் ஆற்றோடு பிரிட்டிஷ் எல்லைக்குள் போய்விடும். எண்ணிக்கையில் தகராறு எழ இது போதாதா?

கணக்கு வழக்கைக் கணக்காகவே தீர்த்திருக்கலாம். பிரிட்டிஷ் அரசோ அக்டோபர் 22 அன்று இறுதி எச்சரிக்கை அனுப்பியது. அபராத நடவடிக்கையை நிறுத்தச் சொன்னதோடு, பர்மாவின் அயலுறவையும் தன் மேற்பார்வைக்குக் கேட்டது. போர் மூண்டது; நவம்பர் முடிவதற்குள் பர்மாவின் தீபோ மன்னர் சரணடைந்தார். 1886 ஜனவரி 1 அன்று நாடே பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைக்கப்பட்டது. பிரான்சைப் பற்றிய பயம்தான் காரணம், கம்பெனி வெறும் சாக்கு என்று சொல்வோர் உண்டு. பயம் மெய்தான், 1885 ஜனவரியில் பர்மா பிரான்சோடு ஒப்பந்தம் செய்திருந்தது. ஆனால், பயமூட்டும் தகவல்களை ஆங்கிலேயருக்குக் கடத்திய அந்திரேயினோ, மண்டலேயில் இத்தாலியத் தூதர் மட்டுமல்ல, அதே கம்பெனியின் முகவரும்கூட. ரங்கூன் வணிகர்களோ முன்பிருந்தே இணைப்பைக் கோரி வந்தவர்கள். சாக்கும் பயமும் ஒரே வாசல் வழியாக வந்திருக்கும்போது, இரண்டையும் பிரித்து நிறுப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. போருக்குப் பின்னும் தேக்கு வணிகம் தழைத்தது. இதே கம்பெனிதான் பின்னாளில் சிங்கம்பட்டி ஜமீனின் மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, மாஞ்சோலையில் தேயிலை பயிரிட்டது.